சட்டி அரசமரமும் ஒரு சத்தியமும்

நான் பயந்த சுபாவக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டுபிடித்த மாதிரிப் பேச வேண்டாம். இடி இடித்தால் பயம். மேலதிகாரி இருமினால் பயம். தந்திக்காரர் சைக்கிளில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், அவர் கடைசி வீட்டையும் தாண்டிப் போகிறவரை பயம். இப்படிப்பட்டவன் புலியா வளர்த்தேன்? முழங்கால் உயரம்கூட இல்லாத மரங்களைத்தான் வளர்த்தேன். ஆனால் என் ஆயுளில் நான் பட்ட பெரிய பயம் அந்தச் சட்டிகளிலிருந்துதான் வந்தது.

ஐம்பதுகளில் திருவண்ணாமலை தாலுகா அலுவலகத்தில் நான் குமாஸ்தா. செங்கம் சாலையில் ஆசிரமத்தை ஒட்டி ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்குக் குடியிருந்தார். ஏதோ ஒரு மனுவில் அவருடைய கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அதை வாங்க நான் போனேன். வீட்டு முன்புறத்தில் ஓர் ஆலமரம் இருந்தது, விழுதெல்லாம் விட்டு, ஒன்றரைச் சாண் உயரத்தில். வந்த வேலையை மறந்து அதன் முன்னால் குந்திவிட்டேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போக ஆரம்பித்தேன். அவர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு படப் புத்தகம், வேர் வெட்டும் கத்தரி ஒன்று, ஒரு சுருள் செம்புக் கம்பி மூன்றையும் எனக்குக் கொடுத்தார். ஆலமரத்தை மட்டும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

போன்சாய் என்று அவர் சொன்ன பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. என் அம்மா ‘சட்டி மரம்’ என்றாள், அதுவே நிலைத்துவிட்டது. அகலமாக, உயரமில்லாத சட்டி வேண்டும் என்று குயவரிடம் கேட்டபோது, “நாய்க்குச் சோறு வெக்கவா சாமி?” என்று கேட்டார். ஐந்து சட்டி வாங்கினேன். ஒரு புளி, ஓர் ஆல், இரண்டு இச்சி, ஓர் அரசு. அந்த அரசு எங்கள் ஆபீஸ் சுவரில் முளைத்தது. கொத்தனார் சுண்ணாம்புப் பூச்சோடு சேர்த்துப் பெயர்த்துக் கீழே போட்டதை, யாரும் பார்க்காதபோது சாப்பாட்டுத் தூக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐந்தில் அதுதான் அழகு. சுவரில் கிடந்து கஷ்டப்பட்டு வளர்ந்ததால் அடிமரம் பருத்து, முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இந்த மரங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். மேலே வெட்டுவது அழகுக்கு. கீழே வெட்டுவது உயிருக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மரத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புது மண் போட்டு வைக்க வேண்டும். விட்டுவிட்டால் வேர் சட்டி முழுக்கச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் இறங்க இடமில்லாமல், தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும்.

எனக்குக் கல்யாணமானபோது இந்த ஐந்து சட்டிகளும் மொட்டைமாடியில் மலையைப் பார்த்தபடி இருந்தன. என் மனைவிக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைவிக்கிற குடும்பம். வந்த அன்றே மாடிக்கு ஏறி வந்து பார்த்துவிட்டு, “இதுல புளி காய்க்குமா?” என்று கேட்டாள். காய்க்காது என்றேன். “அப்ப எதுக்கு?” என்றாள். ஆனாலும் அவள்தான் தினமும் தண்ணீர் ஊற்றினாள், நான் முகாம் போகும் நாட்களில் ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

முதல் வருஷம் முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. அடுத்த வருஷமும் அப்படியே. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் மாடியில் போய் நின்றுகொண்டேன். ஆறுதல் சொல்லக்கூடப் பயம்.

மூன்றாவது தடவை அவள் முழுகாமல் இருப்பது ஐப்பசியில் தெரிந்தது. என் அம்மா அன்று மாலை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரியின் புருஷன் உயிருள்ள எதையும் வெட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாம்பு வந்தால்கூட அடிக்க வேறு ஆளைத்தான் கூப்பிட வேண்டும். கொல்லை வாழைத்தாரை வெட்ட அடுத்த வீட்டுக்காரர் வர வேண்டும். பிணம் தூக்கக்கூடாது. எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் சட்டி மரமெல்லாம் அந்தக் கணக்கில் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

“மொத தடவ புளிய மொட்ட அடிச்சே. ரெண்டாந் தடவ அரச மரத்துக்கு வேர வெட்டினே. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அப்ப வாயத் தொறக்கல. இப்ப சொல்றேன்,” என்றாள் அம்மா.

நான் மாதம் தவறாமல் எதையாவது வெட்டிக்கொண்டுதான் இருந்தேன். எந்த மாதம் எது நடந்தாலும் அது என் கத்தரியோடு பொருந்தும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் மனைவி உள்ளே இருந்து வந்து, என் வலது கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

“சத்தியம் பண்ணுங்க. புள்ள பொறக்கற வரைக்கும் மரத்து மேல கத்தரி படாதுனு. நீங்களும் வெக்கக் கூடாது, வேற யாரையும் வெச்சி வெட்டவும் கூடாது.”

பண்ணினேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன். பேய் பிசாசு இல்லை என்று ஆபீஸ் நண்பர்களிடம் வாதாடியவன். ஆனால் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் என்றால் என் படிப்பெல்லாம் கரைந்துவிடும். மீறினால் அந்தத் தலை நிலைக்காது என்று தாய்ப்பாலோடு ஏறிய நம்பிக்கை. மாடிக்குப் போய்க் கத்தரியைத் துணியில் சுற்றிக் கொல்லைத் தாழ்வாரத்துப் பரணில் போட்டேன். போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, அரச மரத்துக்கு வேர் வெட்ட வேண்டிய வருஷம் அதுதான்.

கார்த்திகை தீபத்துக்கு ஊரே கொள்ளாத கூட்டம் வந்து போனது. மூன்றாம் மாதம் தாண்டியது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை; கண் பட்டுவிடும் என்று பயம். மார்கழியில் லேசாக உதிரம் கண்டது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா கோபக்காரர். “படி ஏறக்கூடாது, பஸ்ல போகக்கூடாது, தண்ணிக் குடம் தூக்கக்கூடாது. வீட்டுக்குள்ள நாலு எட்டு வெச்சா போதும்,” என்றார். தாயில்லாத பெண், பிறந்த வீட்டுக்கு அனுப்பும் பேச்சும் அதோடு நின்றது.

குளத்தங்கரை அரச மரத்தைச் சுற்றுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அதற்கு வழியில்லாமல் போனதும் அம்மாதான் யோசனை கண்டுபிடித்தாள். “அதான் வீட்லயே ஒண்ணு வெச்சிருக்கானே!” ஆறு வருஷமாக என் மரங்களைக் கிண்டல் செய்தவள், அரசமரச் சட்டியைத் தானே சுமந்துவந்து முற்றத்து நடுவில் ஒரு மணைமேல் வைத்தாள். அடிமரத்துக்கு மஞ்சள் தடவினாள், குங்குமம் வைத்தாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் குளித்துவிட்டு என் மனைவி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெள்ள, ஒன்பது சுற்று சுற்றினாள். சுற்றி முடித்ததும் அம்மா அரை ஆழாக்குப் பாலும் மஞ்சள் தண்ணீரும் சட்டியில் ஊற்றுவாள்.

பாலை ஊற்றினால் மண் புளிக்கும், வேர் அழுகும். எனக்குத் தெரியும். சொல்லவும் செய்தேன், ஒரே ஒரு தடவை. “புள்ளைக்குனு ஊத்தற பால்ல கணக்குப் பாக்கறியாடா?” என்று அம்மா கேட்டாள். அப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? அம்மாவுக்குத் தெரியாமல் மேல்மண்ணைக் கொஞ்சம் கிளறிவிடுவேன். அதுவும் விரலால்தான், இரும்பு படாமல்.

தை மாதத்தில் ஒரு நாள் சுற்றிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். “ஏங்க, இது குள்ள மரமாச்சே. இதச் சுத்தினா புள்ளையும் குள்ளமா பொறக்குமோ?”

நான் பலமாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். போனவன் அன்றைக்கு ஒரு தபாலைக்கூடச் சரியாகப் பதியவில்லை. வளரவிடாமல் வெட்டி வெட்டி நான் சிறிதாக்கிய மரம் அது. அதனிடம் போய்ப் பிள்ளை கேட்கிறாள். அது என்னத்தைக் கொடுக்கும்? அபத்தம் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் பயம் போகவில்லை.

பங்குனி வந்தது. பங்குனியில் அரச மரம் இலை உதிர்த்துவிட்டுத் தாமிர நிறத்தில் தளிர் விடும். ஊரில் உள்ள அரசெல்லாம் விட்டது. எங்கள் வீட்டு மரம் உதிர்த்தது, தளிர்க்கவில்லை. கொஞ்சம் இலை மட்டும் ஓரம் கருகித் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டியின் அடி ஓட்டையில் வேர் வெளியே எட்டிப் பார்த்தது. ஊற்றின தண்ணீர் உள்ளே இறங்காமல் விளிம்பில் வழிந்தது. சித்திரை வெயிலில் மலைப்பாறை முழுக்கச் சூடேறி, சாயங்காலத்தில் அந்த அனல் ஊருக்குள் இறங்கும். ஒவ்வொரு நாளும் ஓர் இலை மணைமேல் கிடந்தது. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

ஏழில் பிறந்தால்கூடப் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். அவளும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் முற்றத்துக்கு வந்து, விழுந்த இலையைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வாள். சாப்பாடு குறைந்தது. “இது போயிடுமாங்க?” என்று என்னைக் கேட்டாள். “போகாது,” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. மரம் செத்தால் அவள் என்ன ஆவாள், அவள் வயிற்றில் இருப்பது என்ன ஆகும் என்று யோசித்தேன். மரத்தைக் காப்பாற்றக் கத்தரி வேண்டும். கத்தரியைத் தொட்டால் அவள் தலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

தாலுகா ஆபீஸ் மூளை சும்மா இருக்குமா? சத்தியத்தில் ஓட்டை தேடியது. கத்தரி படக்கூடாது என்றுதானே சொன்னாள், சட்டி மாற்றக்கூடாது என்று சொல்லவில்லையே! வேரை வெட்டாமல் அப்படியே தூக்கிப் பெரிய சட்டியில் வைத்துவிட்டால் சத்தியமும் நிற்கும், மரமும் பிழைக்கும். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு ஒரு பெரிய சட்டி வாங்கிவந்தேன். செம்மண்ணும் ஏரி வண்டலும் சலித்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா ஒரு சாவு கேட்க அடி அண்ணாமலைக்குப் போயிருந்தாள். என் மனைவி சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் பாயில் படுத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து எட்டிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கிணற்றடிக்குப் போனேன்.

சட்டியைக் கவிழ்த்து மெள்ளத் தட்டியதும் மரம் மண்ணோடு கழன்று வந்தது. கூடவே நாற்றமும் வந்தது. புளித்த மோர் நாற்றம். ஓரத்து வேரெல்லாம் சட்டி வடிவத்துக்குச் சுற்றிக் கட்டி இறுகியிருந்தது. அடியில் பாதி வேர் கருத்து, தொட்டால் கையோடு தோல் உரிந்து வந்தது. நாலு மாதப் பால். அழுகல் அடிமரத்துக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றது. பெரிய சட்டியில் வைத்தால் என்ன, குளத்தங்கரையிலேயே கொண்டுபோய் நட்டால்தான் என்ன? இந்த அழுகலை வெட்டி எறியாவிட்டால் ஒரு வாரம் தாங்காது.

அந்த வெயிலில், கையில் மரத்தை வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே எடுத்த வேர் காய்ந்துகொண்டிருந்தது. திருப்பி வைத்துவிடலாம் என்று ஒரு தடவை சட்டியருகே குனிந்தேன். மடியில் இலையைக் கட்டிக்கொண்டு அவள் நிற்கிற கோலம் கண்ணில் வந்தது. தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து கத்தரியை எடுத்தேன். சிறிது துருப்பிடித்திருந்தது. கிணற்றுக் கல்லில் தேய்த்தேன். ‘அண்ணாமலையாரே, இதில் அவளுக்குப் பங்கில்லை, என்னை எடுத்துக்கொள்ளும்’ என்று வாய்விட்டுச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ‘யாருக்கும் தெரியக்கூடாது’ என்று மட்டும்தான் வேண்டிக்கொண்டேன்.

முதல் வேரை வெட்டியபோது கத்தரி என் விரலையும் சேர்த்துக் கிள்ளிவிட்டது. அப்புறம் நிறுத்தவில்லை. கருத்தது எல்லாம் போனது, மீந்தது ஒரு கைப்பிடி வேர். அந்த வேருக்குப் பெரிய சட்டி ஆகாது; பழைய சட்டியையே கழுவிப் புது மண்ணில் வைத்து, சாயாமல் கயிற்றால் கட்டினேன். இருந்த இலைகளையும் கிள்ளி எடுத்தேன், அவ்வளவு இலையைத் தாங்க இனி வேர் இல்லை. முற்றத்து நிழலில் கொண்டுவந்து வைத்தபோது அது குச்சியாக நின்றது. வெட்டின வேரையெல்லாம் எருக்குழியில் புதைத்தேன். கொலை செய்தவன்கூட அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்க மாட்டான்.

எழுந்து வந்தவள் மரத்தைப் பார்த்தாள். “மண்ண மட்டும் மாத்தினேன். இலை தானா உதிர்ந்திடுச்சி. இனிமே தளிர்க்கும்,” என்றேன். சரி என்றாள். அம்மாவிடம், ஒரு வாரத்துக்குப் பால் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்று அவளே சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆனால் கேட்கவில்லை. கேட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த நாலு நாள் நான் பட்டதை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. அவள் தும்மினால் பயம், அடுப்பருகே போனால் பயம், தலை வாரும்போது கொத்தாக முடி வந்தால் பயம். காலையிலும் மாலையிலும் மரத்தின் முன்னால் குந்தி, கணுக் கணுவாகப் பச்சை தெரிகிறதா என்று தேடினேன். தளிர்த்துவிட்டால் மன்னிப்புக் கிடைத்ததாக அர்த்தம் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிவைத்திருந்தேன். கணு எல்லாம் மூடியே இருந்தது. அவளோ முன்னைவிட அமைதியாக இருந்தாள். இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டாள். தன் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வரவழைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். தன் டிரங்குப் பெட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்து, எது எது எங்கே இருக்கிறது என்று காட்டினாள். பிரசவத்துக்குத் தயாராகிறாள் என்று நினைத்து நான் கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அடுத்த வீட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது அம்மா அவளை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வண்டியில் விரித்திருந்த வைக்கோல் நனைந்து சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. “ரத்தம் ஜாஸ்தி போகுது. வயித்தக் கீறித்தான் எடுக்கணும். கையெழுத்துப் போடுங்க,” என்றார். தினமும் நூறு கையெழுத்துப் போடுகிற கை. அன்றும் போட்டது. என் தலையெழுத்தை நானே போடுகிறேன் என்று தோன்றியது. அந்தக் கதவு மூடியதிலிருந்து திறந்ததுவரை நான் மனதுக்குள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: நான்தான் வெட்டினேன், நான்தான் வெட்டினேன்.

பெண் குழந்தை. இரண்டு கையில் அடங்கியது. பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். அழக்கூட அதற்குத் தெம்பில்லை, பூனைக்குட்டி போல முனகியது. அது தங்காது என்று அங்கிருந்த ஆயா என் காதுபடவே சொன்னாள். தங்கியது. இன்று அவள் என்னைவிட ஒரு பிடி உயரம். ஆனால் அன்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்குத் திராணி இல்லை. என் மனைவி கண் திறக்கவில்லை. அன்று திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. வெள்ளைச் சீலையைவிட வெளுத்த முகம். அந்தத் தலையைப் பார்க்கப் பயந்து காலடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். குழந்தையைக் காட்டினார்கள். விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அந்த நேரத்தில் அம்மா கஞ்சியோடு வந்து, “சட்டி மரம் கண்ணு விட்டிருக்குடா, நாலஞ்சி எடத்துல,” என்றாள். நான் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. அம்மா வெளியே போனதும் கட்டிலருகே போய், “ஒண்ணு சொல்லணும். நான் சத்தியத்த மீறிட்டேன். அன்னிக்கி வேர வெட்டிட்டேன்,” என்றேன்.

“தெரியும். நான் தூங்கல. ஜன்னல்ல பாத்துக்கினுதான் இருந்தேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பாத்துக்கினு ஏன் சும்மா இருந்தே? ஒரு குரல் குடுத்திருந்தா நிறுத்தியிருப்பேனே!”

“நிறுத்தினா மரம் போயிடும். மரம் போனா புள்ளைக்கு ஏதாச்சும் ஆவுமோனு பயம்.” மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “நீங்க சத்தியம் பண்ணது என் தலையிலதானே? புள்ள தலையில இல்லியே. வந்தா எனக்குத்தான் வரும்னு தெரியும். அதான் கண்ண மூடிக்கினு படுத்துட்டேன்.”

சொல்லிவிட்டுக் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அந்த இரும்புக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். ஆயா வந்து வெளியே போகச் சொன்னாள். நாலு நாள் அந்த வீட்டில் ஒருத்தி சாவுக்குத் தயாராக, சாவிக்கொத்தைக்கூட ஒப்படைத்துவிட்டு நடமாடிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முற்றத்தில் குந்தி, மரம் தளிர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.